கண்ணாடியை விட்டு வெளியே வந்த ஒளிக்கு மறுபடி வேகம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி இதுதான்: ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது, சரி, ஆனால் மறுபக்கம் வெளியே வந்த உடனே பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுகிறதே, அந்த வேகத்தை அதற்குக் கொடுப்பது யார்? அப்புறம், வேகமும் அலைநீளமும் (அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு, அதாவது அலையின் உச்சிகளுக்கு இடையே உள்ள தூரம்) மாறும்போது அதிர்வெண் (நொடிக்கு எத்தனை முகடுகள் கடக்கின்றன என்ற எண்ணிக்கை) மட்டும் ஏன் மாறாமல் இருக்கிறது? இரண்டையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் ஒன்றுக்குப் பதில் தெரிந்தால் மற்றதற்கும் தெரிந்த மாதிரிதான்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாரும் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டியதும் இல்லை. எவ்வளவு வேகமாகப் போவது என்பதை அலை ஓடுகிற ஊடகம்தான் (காற்று, கண்ணாடி, கயிறு என்று அது எதன் வழியாகப் போகிறதோ அது) முடிவு செய்கிறது. அலை தான் பிறந்த இடத்திலிருந்து கொண்டுவருவது அதிர்வெண் ஒன்றைத்தான். இந்த இரண்டும் தெரிந்தால் அலைநீளம் தானாக வந்துவிடும், ஏனென்றால் வேகம் = அதிர்வெண் × அலைநீளம். இந்தச் சூத்திரத்தைப் பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம், ஆனால் அந்த மூன்றில் எது யாருக்குச் சொந்தம் என்று சொல்லித் தருவது அபூர்வம். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

மீதிப் பாதி, ஒளியை மனதுக்குள் ஒரு பந்தாக ஓடவிட்டுப் பார்ப்பதால் வருகிறது. உருண்டு போகும் பந்து சேற்றில் இறங்கினால் மெதுவாகும், சேற்றைத் தாண்டிக் கெட்டித் தரைக்கு வந்தாலும் மெதுவாகத்தான் உருளும், யாராவது உதைத்தால்தான் பழைய வேகம் வரும். பந்தின் ஆற்றல் அதன் வேகத்தில் இருக்கிறது, சேறு அந்த ஆற்றலைத் தின்றுவிட்டது. அலைக்கு அப்படியில்லை. ஒரு நீளமான கயிற்றின் ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையை ஒருமுறை உதறிப் பாருங்கள், ஒரு மேடு கயிற்றோடு ஓடும். லேசாக உதறினாலும் பலமாக உதறினாலும் மேடு ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது, பலமாக உதறினால் மேடு உயரமாக இருக்கும், அவ்வளவுதான். அதை வேகமாக ஓடவைக்க வேண்டுமானால் கயிற்றை இன்னும் இறுக்கி இழுக்க வேண்டும், அல்லது மெல்லிய கயிறாக மாற்ற வேண்டும். கத்திக் கூப்பிட்டாலும் மெதுவாகப் பேசினாலும் குரல் காற்றில் நொடிக்கு சுமார் 343 மீட்டர் வேகத்தில்தான் போகிறது (20 டிகிரி வெப்பத்தில்), அதுவும் இதே காரணத்தால்தான்.

இப்போது ஒரு மெல்லிய கயிறு, அதோடு ஒரு தடித்த கயிறு, அதோடு மறுபடி ஒரு மெல்லிய கயிறு என்று மூன்றையும் முடிச்சுப் போட்டு ஒன்றாக்கிவிட்டு உதறுங்கள். தடித்த பகுதிக்குள் மேடு மெதுவாகப் போகும், அடுத்த மெல்லிய பகுதிக்குள் வந்ததும் பழைய வேகத்தில் ஓடும். யாரும் தள்ளிவிடவில்லை, அந்தக் கயிற்றில் மேடு ஓடும் வேகமே அதுதான். ஒவ்வொரு முடிச்சிலும் கொஞ்சம் ஆற்றல் எதிரொளித்துத் திரும்பிவிடுவதால் கடைசியில் வந்துசேரும் மேட்டின் உயரம் கொஞ்சம் குறைந்திருக்கும். ஒளியிலும் அதே கதை. சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் நேராக விழும் ஒளியில் 4 சதவீதம் போல எதிரொளிக்கிறது. ஆக, கண்ணாடியைக் கடந்து வந்த ஒளியின் பிரகாசம்தான் குறைந்திருக்கும். வேகம் அப்படியே இருக்கும்.

இனி அதிர்வெண். எல்லையில் நின்று முகடுகளை எண்ணுவதாக வைத்துக்கொள்ளுங்கள். காற்றுப் பக்கத்திலிருந்து நொடிக்கு 100 முகடுகள் வந்து சேர்கின்றன, ஆனால் கண்ணாடிப் பக்கம் 67 மட்டுமே கிளம்பிப் போகின்றன என்றால் மீதி 33 எங்கே போயின? முகடுகள் எல்லையில் குவிந்துகொண்டே போக வழியில்லை. முடிச்சுக்கு இந்தப் பக்கம் கயிறு மேலே ஏறினால் அந்தப் பக்கமும் அதே நேரத்தில் ஏறியாக வேண்டும், இல்லையென்றால் கயிறு அறுந்துவிட்டது என்று அர்த்தம். வந்த எண்ணிக்கையே போகும் எண்ணிக்கை. வேகம் குறைந்தும் எண்ணிக்கை மாறாமல் இருக்க வேண்டுமென்றால் முகடுகள் நெருங்கி வந்தாக வேண்டும், அதாவது அலைநீளம் சுருங்க வேண்டும். சாலையில் இரண்டு நொடிக்கு ஒரு வண்டி என்று சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு மோசமான பகுதி குறுக்கிட்டால் வண்டிகள் அங்கே நெருங்கிப் போகும், அதைத் தாண்டியதும் இடைவெளி விரியும், ஆனால் எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் இரண்டு நொடிக்கு ஒரு வண்டிதான் உங்களைக் கடக்கும். (வண்டிக்கு ஓட்டுநரும் இஞ்சினும் உண்டு, அலைக்கு அவை இல்லை, அதனால் இந்த உவமையை இடைவெளிக் கணக்குக்கு மேல் இழுக்காதீர்கள்.)

எண்களோடு பார்த்தால் இன்னும் தெளிவாகும். வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு 299,792,458 மீட்டர். 1983 முதல் மீட்டரையே இந்த எண்ணை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள், அதனால் இதில் பிழைக்கு இடமே கிடையாது. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை எடுத்துக்கொண்டால் அதன் அதிர்வெண் சுமார் 461 இலட்சம் கோடி ஹெர்ட்ஸ், அதாவது ஒவ்வொரு நொடியும் அத்தனை முகடுகள் ஒரு புள்ளியைக் கடக்கின்றன. ஒளிவிலகல் எண் (வெற்றிடத்தைவிட ஒளி எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்று சொல்லும் எண்) 1.5 உள்ள கண்ணாடிக்குள் அதன் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீட்டராகக் குறைகிறது, அலைநீளம் 433 நானோமீட்டராகச் சுருங்குகிறது. 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கண்ணாடியில், வெற்றிடமாக இருந்திருந்தால் சுமார் 4,600 அலைகள் அடங்கும் இடத்தில் இப்போது சுமார் 6,900 அலைகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.

433 நானோமீட்டர் என்றதும் சிலர் அதிர்ந்துபோவார்கள், ஏனென்றால் வெற்றிடத்தில் அந்த அலைநீளம் ஊதா கலந்த நீலம். அப்படியானால் கண்ணாடிக்குள் சிவப்பு ஒளி நீலமாகிவிட்டதா? இல்லை. நிறத்தை அலைநீளத்தால் அடையாளம் சொல்வது நாம் பழக்கத்தில் வைத்துக்கொண்ட வசதி மட்டுமே, அதுவும் வெற்றிடத்தில் அளந்த அலைநீளம். விழித்திரையில் உள்ள மூலக்கூறுகள் ஃபோட்டானின் (ஒளியின் ஒரு தனித்துகளின்) ஆற்றலுக்குத்தான் அசைந்துகொடுக்கின்றன, அந்த ஆற்றல் அதிர்வெண்ணைப் பொறுத்தது. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பக்கத்தில் இருக்கும் சிவப்புத் துணியைப் பார்த்தால் அது சிவப்பாகவே தெரிகிறது. இன்னொன்றும் யோசியுங்கள், நம் கண்ணுக்குள் இருக்கும் திரவத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.336. எனவே நீங்கள் இதுவரை பார்த்த 650 நானோமீட்டர் ஒளி எதுவும் விழித்திரையைத் தொடும்போது 650-ஆக இருந்ததே இல்லை, 487 பக்கம் சுருங்கித்தான் வந்திருக்கிறது.

கண்ணாடிக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது? இங்கே ஒரு தவறான விளக்கம் பரவலாக உலவுகிறது, அதை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். "ஃபோட்டானை ஓர் அணு விழுங்குகிறது, கொஞ்ச நேரம் வைத்திருந்து வெளியே விடுகிறது, அடுத்த அணு விழுங்குகிறது, இப்படி நின்று நின்று போவதால்தான் தாமதம்" என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படி நடந்தால் ஒவ்வொரு அணுவும் ஒளியைத் தனக்குத் தோன்றிய திசையில் விட்டுவிடும், கண்ணாடி வழியாக எதுவும் தெளிவாகத் தெரியாது, எல்லாம் பால் போல மங்கிவிடும். மேலும் அணுக்கள் விழுங்குவது குறிப்பிட்ட சில ஆற்றல்களை மட்டுமே, கண்ணாடியோ கண்ணுக்குத் தெரியும் எல்லா நிறங்களையும் மெதுவாக்குகிறது.

நடப்பது இது. ஒளி என்பது மின்புலமும் காந்தப்புலமும் அதிர்ந்துகொண்டே போவது. அந்த மின்புலம் கண்ணாடியில் உள்ள எலக்ட்ரான்களைப் பிடித்து ஆட்டுகிறது. ஊஞ்சலை வெளியிலிருந்து ஒருவர் ஒரே தாளத்தில் விடாமல் ஆட்டினால் அது கடைசியில் அவருடைய தாளத்துக்குத்தான் ஆடும். எலக்ட்ரான்களும் வந்த ஒளியின் அதிர்வெண்ணிலேயே ஆடுகின்றன. (அதிர்வெண் ஏன் மாறுவதில்லை என்பதற்கு இது இரண்டாவது விடை, முகடுகளை எண்ணுவதைவிட ஆழமானது.) ஆடும் எலக்ட்ரான் தானும் மின்காந்த அலையை எழுப்பும். வந்த அலையும் கோடானுகோடி எலக்ட்ரான்கள் எழுப்பிய அலைகளும் ஒன்றோடொன்று சேர்ந்துதான் நாம் "கண்ணாடிக்குள் போகும் ஒளி" என்று சொல்கிறோம். பக்கவாட்டில் போகும் சிற்றலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, முன்னோக்கிப் போவது மட்டும் சேர்ந்து மிஞ்சுகிறது, அதனால்தான் கண்ணாடி தெளிவாக இருக்கிறது. புதிதாகப் பிறந்த அலை வந்த அலையோடு கச்சிதமாகப் பொருந்தாமல் கட்டத்தில் (அதாவது ஏறி இறங்கும் நேரத்தில்) கொஞ்சம் பின்தங்கி இருப்பதால், இரண்டும் கூடிய அலையின் முகடு, தனியாக வந்த அலையின் முகடு இருந்திருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு துளி பின்னால் விழுகிறது. கண்ணாடியின் ஒவ்வொரு மெல்லிய அடுக்கும் இப்படி ஒரு துளி பின்னிழுக்க, மொத்தமாகப் பார்க்கும்போது அலை மெதுவாகப் போவதாகத் தெரிகிறது. அந்த 3 மில்லிமீட்டர் கண்ணாடி முழுவதும் சேர்ந்து ஏற்படுத்தும் தாமதம் ஒரு நொடியின் இலட்சம் கோடியில் 5 பங்குதான்.

இப்போது உங்கள் கேள்விக்குத் திரும்பி வாருங்கள். கண்ணாடி முடிந்த இடத்தில் பின்னிழுக்க அடுத்த அடுக்கு இல்லை. அவ்வளவுதான் விஷயம். தனித்தனியாக எடுத்துக்கொண்டால் வந்த அலையும் எலக்ட்ரான் எழுப்பிய அலையும் எப்போதுமே வெற்றிட வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தன, மெதுவானது அவற்றின் கூட்டுத்தொகை மட்டுமே. எனவே "மறுபடி வேகம் பெறுவது" என்று ஒரு நிகழ்ச்சியே கிடையாது, தாமதப்படுத்துவது நின்றுபோகிறது. 1999-இல் இயற்பியலாளர் லெனே ஹௌ குழுவினர் கிட்டத்தட்ட தனிச்சுழி வெப்பநிலை (அதற்குக் கீழே குளிர்விக்கவே முடியாத எல்லை) வரை குளிர்வித்த சோடியம் அணுக்கூட்டத்துக்குள் ஓர் ஒளித்துடிப்பை நொடிக்கு 17 மீட்டருக்கு இறக்கிக் காட்டினார்கள், அதாவது மணிக்கு 61 கிலோமீட்டர். (அது துடிப்பு முழுவதும் நகரும் வேகம், ஒற்றை முகட்டின் வேகம் அல்ல.) அந்த அணுக்கூட்டத்தை விட்டு வெளியே வந்ததும் அந்த ஒளியும் வழக்கமான வேகத்தில்தான் போனது.

கண்ணாடி எல்லா நிறங்களையும் ஒரே அளவுக்கு மெதுவாக்குவதில்லை. நீல ஒளியின் அதிர்வெண் சிவப்பைவிட அதிகம், கண்ணாடி எலக்ட்ரான்களின் இயல்பான அதிர்வெண் புற ஊதாப் பகுதியில் இருப்பதால் நீலம் அதற்கு இன்னும் நெருக்கம், எனவே எலக்ட்ரான்கள் நீலத்துக்குக் கூடுதலாக ஆடுகின்றன, நீலம் கூடுதலாக மெதுவாகிறது. ஒளியியல் கருவிகளில் பயன்படும் ஒரு வகைக் கண்ணாடியில் ஒளிவிலகல் எண் சிவப்புக்கு 1.514, நீலத்துக்கு 1.522. இந்தச் சின்ன வித்தியாசம்தான் முப்பட்டகத்தில் நிறங்களைப் பிரித்துக் காட்டுகிறது.

இந்த வேக விவகாரம் ஒரு காலத்தில் ஒளி என்றால் என்ன என்ற பெரிய சண்டையின் நடுவில் இருந்தது. ஒளி துகள்களால் ஆனது என்று கருதிய நியூட்டன், தண்ணீர் அந்தத் துகள்களை உள்ளே இழுப்பதால்தான் கதிர் வளைகிறது என்றார், அப்படியானால் தண்ணீருக்குள் ஒளி வேகமாகப் போக வேண்டும். ஒளி அலை என்று 1690-இல் எழுதிய டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸின் கணக்குப்படி மெதுவாகப் போக வேண்டும். இரண்டு கருத்துகளும் வளைவை ஒழுங்காகவே விளக்கின, எனவே வளைவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. கடைசியில் 1850-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ சுழலும் ஆடியை (ஒளியை எதிரொளிக்கும், முகம் பார்க்கும் வகைக் கண்ணாடியை) வைத்து நேரடியாக ஒப்பிட்டுப் பார்த்தார், தண்ணீரில் ஒளி மெதுவாகத்தான் போகிறது என்று தெரிந்தது. இயற்பியலில் இவ்வளவு நேர்மையாக முடிந்த வழக்குகள் குறைவு, எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனைகளில் இது ஒன்று.

இதெல்லாம் ஒளிக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள். கடலில் சுனாமி அலையைப் பாருங்கள். அலைநீளம் ஆழத்தைவிட மிகப் பெரிதாக இருக்கும்போது அலையின் வேகம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது: ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். 4,000 மீட்டர் ஆழத்தில் அது நொடிக்கு 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர். இரண்டு முகடுகளுக்கு இடையே 20 நிமிடம் என்றால், நடுக்கடலில் அவற்றின் இடைவெளி 240 கிலோமீட்டர் பக்கம், கரையருகே 12 கிலோமீட்டர். ஆனால் அந்த 20 நிமிடம் 20 நிமிடமாகவே இருக்கிறது. முதல் அலை வந்து வடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று மக்கள் கரைக்கு இறங்குவதும் அடுத்த முகடு வருவதும் இதனால்தான், அந்தக் கால இடைவெளியை ஆழம் குறைவது எள்ளளவும் மாற்றுவதில்லை. சுருங்கிய நீளத்துக்குள் அதே ஆற்றல் அடைபடுவதால் உயரமும் ஏறுகிறது, இந்த ஆழ மாற்றத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய நாலரை மடங்கு. சாதாரண அலைகள்கூட நடுக்கடலில் எந்தத் திசையில் கிளம்பினாலும் கரைக்கு வரும்போது பெரும்பாலும் கரைக்கு இணையாகத் திரும்பி வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஆழமற்ற பக்கம் முதலில் மெதுவாகிறது, ஆழமான பக்கம் இன்னும் வேகமாக ஓடி வருகிறது, அலை திரும்பிக்கொள்கிறது. ஒளி கண்ணாடிக்குள் சாய்வாக நுழையும்போது வளைவதும் இதே காரியம்தான்.

ஒலி இதற்கு நேர் எதிராக நடந்துகொள்ளும், அதனால்தான் "அடர் ஊடகத்தில் அலை மெதுவாகும்" என்று பொதுவாகச் சொல்வது ஆபத்து. தண்ணீரில் ஒலி நொடிக்கு சுமார் 1,480 மீட்டர் போகிறது, காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் 34 சென்டிமீட்டர், தண்ணீரில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். சுருதி அதேதான். ஒளி விஷயத்திலும் "அடர்" என்ற சொல் எடையைக் குறிப்பதில்லை: தண்ணீரில் மிதக்கும் தாவர எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.47, தண்ணீருக்கு 1.33. எடை குறைந்த எண்ணெயில்தான் ஒளி இன்னும் மெதுவாகப் போகிறது. ஒலிக்கு ஊடகத்தின் விறைப்பும் அடர்த்தியும், ஒளிக்கு எலக்ட்ரான்கள் எவ்வளவு அசைந்துகொடுக்கின்றன என்பதும்தான் கணக்கு.

ஹீலியம் வாயுவைச் சுவாசித்தால் குரல் கீச்சென்று மாறுகிறதே, அங்கே ஊடகம் அதிர்வெண்ணை மாற்றிவிட்டதே என்று கேட்கலாம். குரல்நாண்கள் ஏறக்குறைய பழைய அதிர்வெண்ணில்தான் அதிர்கின்றன. தொண்டையும் வாயும் சேர்ந்த குழாயின் நீளம் மாறவில்லை, அதாவது அதில் ஒத்ததிரும் அலைநீளங்கள் மாறவில்லை, ஆனால் ஹீலியத்தில் ஒலியின் வேகம் காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு, எனவே எந்த அதிர்வெண்கள் பெரிதாகக் கேட்கும் என்பது மேலே ஏறிவிடுகிறது. ஊடகம் அதிர்வெண்ணை மாற்றாது என்ற விதி அப்படியே நிற்கிறது. (இதைச் செய்து பார்க்காதீர்கள், நுரையீரலில் ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடத்தில் ஹீலியம் போய் உட்கார்ந்துகொள்ளும், மயங்கி விழுந்து உயிர் போன சம்பவங்கள் உண்டு.)

விதி உண்மையாகவே மீறப்படும் இடங்களும் உண்டு. ஒளியை எழுப்பும் மூலமோ அதை எதிரொளிக்கும் பரப்போ நகர்ந்தால் டாப்ளர் விளைவால் அதிர்வெண் மாறும். 1928-இல் சி.வி. ராமன் கண்டுபிடித்தது இன்னொன்று: சிதறும் ஒளியில் மிகச் சிறிய பங்கு மூலக்கூறுகளின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டோ வாங்கிக்கொண்டோ வேறு அதிர்வெண்ணில் வெளியேறுகிறது. 1930-இல் நோபல் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. ஊடகம் ஒளியின் அதிர்வெண்ணை மாற்றுவது அவ்வளவு சாதாரணமாக நடக்காத காரியம் என்பதால்தான் அது அத்தனை பெரிய செய்தியானது. மூன்றாவது, பலருடைய கையில் இருக்கும் பச்சை லேசர். அவற்றில் பல உள்ளுக்குள் 1,064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை ஒரு படிகத்தின் வழியாக அனுப்பி அதிர்வெண்ணை இரட்டித்து 532 நானோமீட்டர் பச்சையாக மாற்றுகின்றன. மிக வலுவான ஒளி எலக்ட்ரானை ஆட்டும்போது அதன் ஆட்டம் தள்ளிய தாளத்தை அப்படியே பிரதிபலிக்காமல் கோணலாகிவிடும், அந்தக் கோணலில் இரட்டை அதிர்வெண் பிறக்கிறது. மூன்றிலும் ஒன்று பொது: சும்மா நின்றுகொண்டு வந்த தாளத்துக்கு ஆடும் எலக்ட்ரான் என்ற நிலைமை கலைந்திருக்கிறது.

நேரில் பார்க்க ஆசையிருந்தால் அடி தட்டையான, ஒளி ஊடுருவும் தட்டு ஒன்றில் அரை சென்டிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். பாதி இடத்தில் ஒரு கண்ணாடித் துண்டை உள்ளே படுக்க வையுங்கள், அதன் மேல் தண்ணீர் ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் நிற்க வேண்டும், அதைவிட ஆழம் இருந்தால் வித்தியாசம் தெரியாது. தட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, கீழே வெள்ளைத் தாளும் மேலே ஒரு டார்ச்சும் வைத்தால் அலைகளின் நிழல் தாளில் கோடுகளாக விழும். ஆழமான பக்கத்தில் ஒரு அளவுகோலால் நொடிக்கு நான்கைந்து தடவை சீராகத் தட்டுங்கள். கண்ணாடித் துண்டின் விளிம்பைத் தாண்டியதும் கோடுகள் நெருங்குவது தெரியும். துண்டைத் தட்டின் நடுவில் நகர்த்தி வைத்தால், அதைத் தாண்டி மறுபக்க ஆழத்துக்குள் இறங்கியதும் கோடுகள் மறுபடி பழைய இடைவெளிக்கு விரிந்துகொள்வதையும் பார்க்கலாம்.